உச்சியில் பிடுங்காத பத்து முடி

தம்பி,

கறித்தூள் பொட்டலத்துக்கு மேலேயே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். காரணத்தோடுதான் வைத்தேன். மூன்று வாரமாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று, நீ லேபில் இருக்கிறாய்; இல்லாவிட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய். "மா, அப்புறம் கூப்பிடுறேன் லா" என்று நீ சொன்னது இதுவரை ஒன்பது முறை. எந்த எந்த நாள் என்று என் நோட்டில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் நான்கு நிமிடம் பேசி வாட்ஸப்பில் அனுப்பினேன். நீ அதைத் திறந்துகூடக் கேட்கவில்லை, ஆனால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று மட்டும் வந்தது. கேட்காத பேச்சுக்கு எதற்கப்பா கட்டைவிரல்? ஆனால் "மா, ஜப்பானுக்குக் கறித்தூள் ரெண்டு கிலோ வேணும், கூரியர்ல போட்டுருங்க" என்று கேட்பதற்கு உனக்கு நேரம் இருந்தது. மகனே, கடிதத்தை நீ பிரிப்பாயோ மாட்டாயோ, கறித்தூளைப் பிரிப்பாய். அதனால்தான் இப்படி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் மூடி வைத்துவிடாதே. உன் ஆராய்ச்சியில் ஏழாம் நம்பர் என்று ஒன்று இருக்கிறதே, நீ தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுகிறாயே, அந்தக் கணக்கு பொய். அதைப் பொய்யாக்கியது வேறு யாரும் இல்லை, நான்தான். அடுத்த புதன்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். போன இடத்தில் படித்த பெரியவர்கள் முன்னால் நின்று அந்த ஏழாம் நம்பரைப் பற்றித்தான் பேசப்போகிறாய். நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்போது உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படிக்காதே.

உன் வேலை என்ன என்று எனக்கு விளங்காது என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான். இங்கிலீஷை பால்மாவு டின்னிலும் பழைய பேப்பரிலும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்காக முட்டாள் இல்லை. நீ அந்தப் பெண்களிடம் கையெழுத்து வாங்கக் கொடுத்த நான்கு பக்கத் தாளை அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நான் படிக்காத தாளில் இன்னொருத்தியைக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். தலைமுடியை வேரோடு பிடுங்குகிறீர்கள். அந்த வேரில் வெள்ளையாக ஒரு உறை ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். அதற்கு ஹார்மோனை ஊட்டி, உடம்புச் சூட்டில் வைத்திருந்து, எவ்வளவை அது வேறு ஒன்றாக, இன்னும் வீரியம் கூடினதாக மாற்றியிருக்கிறது என்று அளக்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்: உச்சியில் பத்து, பிடரியில் பத்து. ஏனென்றால் உதிர்வது உச்சி, நிற்பது பிடரி. ஒரே தலை, ஒரே ரத்தம், ஆனால் இந்த இடத்து வேர் ஒரு மாதிரி சமைக்கிறது, அந்த இடத்து வேர் வேறு மாதிரி சமைக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை பாடும். சரியாகச் சொல்லிவிட்டேனா? உன் அப்பாவுக்கு இதை இட்லி மாவு உதாரணத்தோடு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, வழுக்கையைத் தடவிக்கொண்டே, "அஞ்சு வருஷம் பல்கலைக்கழகத்துல படிச்சி, கடைசில முடி புடுங்குறான்னு சொல்லு" என்றார். பாச்சாங் பசாரில் மீன் வாங்கும்போது யார் உன்னைப் பற்றி விசாரித்தாலும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். "உங்க பையன் என்ன பண்றான் அண்ணே?" "புடுங்குறான்." நான் கூட நிற்கும்போதே சொல்கிறார்.

போகட்டும். கோலாலம்பூரில் ஆள் கிடைக்கவில்லை, பெண்கள் யாரும் தலை கொடுக்க வரமாட்டேன் என்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான்தான் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வரும் பெண்களிடம் கேட்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியோடு காரில் வருவாய். நம் வீட்டு ஹாலில் உட்காருவாய். ஒருத்தியும் உன் முன்னால் தலையை அவிழ்க்க மாட்டாள் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. வயது வந்த பையன் எதிரில் எந்தப் பொம்பளை கொண்டையை அவிழ்த்து, வகிட்டைக் காட்டி, உதிர்ந்துபோன இடத்தில் விளக்கடிக்க விடுவாள்? அதனால் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். இடுக்கியை எப்படிப் பிடிப்பது, வேர் அறாமல் எப்படிச் சட்டென்று இழுப்பது, உச்சிக்குச் சிவப்பு மூடிக் குழாய், பிடரிக்கு நீல மூடிக் குழாய். படுக்கையறையில் நான் எடுப்பேன். கதவை ஒரு சாண் திறந்து குழாயை வெளியே நீட்டுவேன், நீ வாங்கி ஐஸில் வைப்பாய். சாமி அறை கதவைச் சாத்திவிட்டு, வேலை முடிந்ததும் வீட்டைக் கூட்டித் துடைத்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அம்மனுக்கு விளக்கு ஏற்றுவேன். ஒவ்வொரு ஞாயிறும். இதையெல்லாம் உன் ஆய்வுப் புத்தகத்தில் எழுதினாயா? நன்றி என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறாயே, அதில் ஐஸ் பெட்டி இரவல் கொடுத்த உன் நண்பன் பெயர்கூட இருக்கிறது.

ஏழாவதாக வந்தது யார் என்று உனக்குத் தெரியாது. பெயர் வேண்டாம், நம்பர் போதும், அதுதான் முறை என்றாய். முறை சரிதான். தவறு என்று சொல்லவில்லை. அவளே தன் பெயரை உனக்குச் சொல்லச் சொல்லிவிட்டாள், அதனால் சொல்கிறேன். ஏழாம் நம்பர் நம் சரோஜா அக்கா. பின் தெருவில் இருக்கும் சரோஜா பெரியம்மாதான், உன் பள்ளிக்கூடக் கேண்டீனில் உனக்கு மட்டும் மீ கோரெங் நூடுல்ஸில் கூட ஒரு முட்டை வைத்தவள்.

அன்றைக்கு அவள் கேண்டீன் தொப்பியைப் போட்டுக்கொண்டே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள், தொப்பியைக் கழற்றினாள், சவுரியைக் கழற்றி மடியில் வைத்தாள். நான் வகிட்டை விரித்தபோது என் விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது. என்னவென்று பார்த்தால் கண்மை. முடி போன இடத்தின் தோல் தெரியாமலிருக்க அந்த மனுஷி வகிடு நீளத்துக்கும் கண்மை தீட்டியிருக்கிறாள். பதினைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பூசை செய்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவள் என் விரலைப் பார்த்துவிட்டு, "அய்யோ, துடைச்சிட்டு வந்திருக்கணும் தங்கச்சி, மறந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். உச்சியில் இருந்த முடியைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம் போல இருந்தது. அதில் போய்ப் பத்தைப் பிடுங்குவதா? இடுக்கியைக் கொண்டுபோனேன், கை வரவில்லை. வெளியிலிருந்து நீ கதவைத் தட்டுகிறாய்: "மா, சீக்கிரம்மா, ஐஸ் கரையுது, இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க!"

நான் பிடரியிலேயே இருபது எடுத்தேன். பத்தை நீல மூடியில் போட்டேன். இன்னொரு பத்தைச் சிவப்பு மூடியில் போட்டேன். கதவைத் திறந்து நீட்டினேன். நீ வாங்கிக்கொண்டு, "குட் ஜாப் மா" என்றாய்.

இதுதான் நான் செய்தது. என் நோட்டில் அன்றைக்கே எழுதிவிட்டேன், 'ஏழு. சரோஜா. உச்சி 0, பிடரி 20' என்று. என் நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. அந்த நோட்டை உன்னிடம் இரண்டு தடவை நீட்டினேன். "நோட்டெல்லாம் வேணாம் மா, எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டாச்சு" என்று சொல்லித் தள்ளினாய். அதனால் குற்றம் உன் பேரில் பாதி என்று சொல்ல வரவில்லை. கால்வாசி என்று வைத்துக்கொள்.

பத்து முடிதானே, பன்னிரண்டு பேரில் ஒருத்தி, என்ன ஆகிவிடப்போகிறது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் நீயே கூப்பிட்டாய். நீயாகக் கூப்பிட்ட அபூர்வமான நாள். "மா, ஏழாம் நம்பர் செம்ம மா! முடி கொட்டுதுன்னு ஃபார்ம்ல இருக்கு, ஆனா உச்சியும் பிடரியும் ஒரே அளவு காட்டுது. மத்தவங்க மாதிரி இல்ல. வேற ஏதோ காரணம் இருக்கு, யாரும் பாக்காதது!" என்று குழந்தை மாதிரி கத்தினாய். எனக்கு அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது, அதைக்கூட அணைக்கவில்லை. ஒரே அளவு காட்டாமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே இடத்து முடி. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதுப்பா, சாப்டியா?" என்று கேட்டேன். அது என் இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. ஒரு அத்தியாயமே எழுதுவாய், அதைத் தூக்கிக்கொண்டு ஜப்பான் வரைக்கும் போவாய் என்று நான் கண்டேனா?

இப்படி உனக்கு நான் செய்தது இது முதல் தடவை இல்லை. அதையும் இன்றைக்கே இறக்கி வைத்துவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் பஞ்சில் பச்சைப் பயறு முளைக்கப் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஐந்து பாட்டில் மூடியில் ஐந்து விதை. நான்கு முளைத்தது, நான்காவது மூடியில் இருந்தது முளைக்கவில்லை. காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் அதன் முன்னால் போய்க் குந்திக்கொள்வாய். ஐந்தாம் நாள் அழுதாய். அன்று வெள்ளிக்கிழமை, சுண்டலுக்காக நான் ஊறப்போட்டிருந்த பயற்றில் ஒன்று முளை விட்டிருந்தது. ராத்திரி நீ தூங்கியதும் மாற்றி வைத்துவிட்டேன். மறுநாள் நீ நோட்டில் எழுதினாய்: 'நான்காவது விதை தூங்கியது. ஆறாம் நாள் எழுந்தது. ஏன் என்று தெரியவில்லை.' ஆசிரியர் அதைச் சபையில் வாசித்தார். இன்றுவரை யார் உன்னிடம் எப்படி இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று கேட்டாலும் அந்தத் தூங்கின பயற்றைத்தான் சொல்கிறாய். உன் பட்டமளிப்பு விருந்தில்கூடச் சொன்னாய். நான் கோழிக்கறி பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றேன். அது தூங்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. செத்த விதை. குப்பையில் போட்டேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். நீ அழக்கூடாது என்று செய்தேன், அவளுக்கு வலிக்கக்கூடாது என்று செய்தேன். ஆனால் இரண்டு தடவையும் உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. இதை எனக்குப் புரியவைத்தது நீ படித்த படிப்பு இல்லை, சரோஜா அக்கா. அதையும் கேள்.

அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் என்னைக் கேட்பாள். "ரிசல்ட் வந்துச்சா தங்கச்சி? தம்பி என்ன சொல்லுது?" மருந்து எதுவும் தரமாட்டார்கள் என்று தாளில் எழுதியிருக்கிறது, நானே அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். மருந்துக்காக அவள் கேட்கவில்லை. தன் முடி என்ன சொல்லிற்று என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். நீ பன்னிரண்டு பேரிடம் வாங்கிக்கொண்டு போனாயே, திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னாயா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு அரை மணி நேரம்? எனக்கு இதில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறையும் நான்தான் பல்லை இளித்துக்கொண்டு, "பிஸியா இருக்கான் அக்கா" என்று நிற்கிறேன். அம்மனிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் அவள் உனக்குப் போன் செய்யமாட்டாள். நீ எடுக்கவும் மாட்டாய்.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, செருப்பு போட்டுக்கொள்ளும் இடத்தில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உச்சியில் எடுக்கவே இல்லை அக்கா, பார்க்கப் பாவமாக இருந்தது என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு செருப்பைப் போட்டவள் இன்னொன்றைப் போடாமல் என்னையே பார்த்தாள்.

"பாவமா? யாருக்குப் பாவம்?"

"இருக்கிறதே கொஞ்சம். அதுல பத்து எடுக்க மனசு வரல அக்கா."

"எம் மண்டையில இருக்குறது எத்தனைன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதானே வந்து உக்காந்தேன். ஞாயித்துக்கிழம கேண்டீன் கழுவுற வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தேன். குடுக்கத்தானே வந்தேன், நீ யாரு வேணான்னு சொல்ல? எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

பக்கத்தில் விபூதி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு அவளே நின்றாள்.

"தம்பி எப்ப ஏறுது?"

"வர்ற புதன் விட்டு அடுத்த புதன்."

"நடுவுல ஞாயித்துக்கிழமை இருக்கு லா. வரச் சொல்லு. இந்தத் தடவ நீ புடுங்க வேணாம், உன் கையி சரியில்ல. அவனே புடுங்கட்டும்."

"அவன் முன்னாடியா அக்கா?"

"முட்ட வச்சிக் குடுத்த புள்ளதானே. என்னத்த வெக்கம்?"

அன்று வீட்டுக்கு வந்து உனக்கு அனுப்பியதுதான் அந்த நான்கு நிமிடம். அதற்குத்தான் நீ கட்டைவிரல் காட்டினாய்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏழாம் நம்பரை அடி. முழுதாக அடி. அந்த அத்தியாயம் விழுந்தால் விழட்டும். ஜப்பானில் பேச வேறு எதுவும் இல்லை என்றால், பேச எதுவும் இல்லை என்று சொல். உன் பேராசிரியரிடம் நீயே போய்ச் சொல்: எங்கள் அம்மா செய்தாள், நான் நோட்டைப் பார்க்கவில்லை என்று. இரண்டையும் சேர்த்துச் சொல், ஒன்றை மட்டும் சொல்லாதே. வெட்கமாகத்தான் இருக்கும். செருப்பு விடும் இடத்தில் எனக்கும் இருந்தது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். அம்மாவை நம்பித் தொலைத்தேன் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய், பரவாயில்லை. ஆனால் சொல்லாமல் மட்டும் விமானம் ஏறாதே. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். கையெழுத்துத் தாளின் கடைசியில் உன் பேராசிரியர் முகவரி இருக்கிறது. கேள்வி இருந்தால் எழுதலாம் என்றும் போட்டிருக்கிறது. என் இங்கிலீஷ் அவருக்குப் புரியும். ஆமாம், மிரட்டல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. பயணத்துக்குச் சாமான் கட்ட வேண்டும், நேரமில்லை என்று சொல்லாதே. வந்து எடுத்தால் அந்த வேரை அளக்க இனி நேரம் இருக்கிறதா, அது உன் கணக்கில் சேருமா சேராதா, எனக்குத் தெரியாது. சேராவிட்டாலும் வா. சேராது என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அப்படியும் எடுத்துக்கொள் என்பாள், எனக்கு அவளைத் தெரியும். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, கண்மை தீட்டவில்லை, நேற்றுச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு அப்படியே வந்தாள், சவுரிகூட இல்லாமல். எல்லாரும் பார்த்தார்கள். அவள் பாட்டுக்கு விளக்குக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வந்ததும் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவளிடம் பேசு. நம்பர் சொல்லிக் கூப்பிடாதே, பெரியம்மா என்று கூப்பிடு. மற்றவர்கள் அளவு என்ன சொன்னது, அவளுடையது ஏன் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் எனக்குச் சொல்வது போலச் சொல்லு, புரியவில்லை என்று நீயாக நினைத்துக்கொண்டு பாதியில் நிறுத்தாதே. மீதி பதினொரு பேரையும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேருக்கும் உன்னிடம் கேள்வி இருக்கிறது. அப்பா நாற்காலி இரவல் வாங்கப் போயிருக்கிறார். "கடைசியா ஒரு நாளாச்சும் எல்லாரும் பாக்கப் புடுங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு எடு. வேர் அறுந்தால் அவள் வைவாள், வாங்கிக்கொள். நான் உள்ளே போய்விடுவேன், பார்க்கமாட்டேன்.

இரண்டு கிலோவும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன், காற்றுப் புகாமல் கட்டி வை. நோட்டை மட்டும் அனுப்பவில்லை, அது என்னிடம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் பழைய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'ஏழு. சரோஜா. உச்சி' என்று. பக்கத்தில் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீயே உன் கையால் எழுது.

அம்மா